கீழே இறங்க ஒரு வருடம்

1

வலது தோள்பட்டையில் தொடங்கி முழங்கை வரைக்கும் ஒரு வலி. கையைக் காதுக்கு மேலே தூக்கினால் உள்ளே எலும்பும் எலும்பும் நறநறவென்று உரசும். இறக்கினால் விண்விண் என்று தெறிக்கும். தொங்கவிட்டால் விரல் மரத்துப் போகும். மொத்தத்தில், கையை எங்கே வைப்பது என்று தெரியாத வலி. இந்தக் கதை அதிலிருந்துதான் வந்தது.

வலி என்னுடையது இல்லை. எனக்கு இருந்தது இடுப்பில். உட்கார்ந்தே வேலை பார்க்கிறவனுக்கு வருகிற சொகுசு வலி. தோள்பட்டை ஒரு சாரக்காரருடையது. உயரமான கட்டடங்களுக்கு வெளியே இரும்புக் குழாய்களை மாட்டி, பலகை போட்டு, பூசுகிறவர்களும் பெயிண்ட் அடிக்கிறவர்களும் நின்று வேலை செய்ய வழி பண்ணிக் கொடுக்கிற ஆள். பிசியோதெரபி அறைக்கு வெளியே இருந்த ஒரே பெஞ்சில் நாங்கள் இருவரும் காத்திருந்தோம். டோக்கன் நகரவே இல்லை.

"சாருக்கு என்ன வேலை?"

"கதை எழுதறேன்."

"அதுல ஏதும் வருமா?"

"பெருசா வராது."

"அப்ப எங்கிட்ட ஒரு கதை இருக்கு. அதுலயும் வரல. இருந்ததும் போச்சு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்ததில் தோள் குலுங்கி, ஸ்ஸ் என்று பல்லைக் கடித்தார்.

இப்போதே சொல்லிவிடுகிறேன்: இது பங்குச் சந்தைக் கதை. ஐயோ என்று மூடி வைக்க நினைப்பவர்கள் தாராளமாக மூடலாம். மற்றவர்களுக்கு ஓர் ஆறுதல். எனக்கும் இந்த விஷயத்தில் அரிச்சுவடி தெரியாது. பெஞ்சில் கேட்டதை, கேட்ட வார்த்தைகளிலேயே தருகிறேன். சாரக்காரருக்குப் புரிந்தது எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்தால் உங்களுக்குப் புரியாமல் போகாது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "ஊரில் ஒரு பேராசைக்காரர் இருந்தார்."

அடித்துவிட்டேன். பேராசைக்காரர் பதினோரு வருடம் ஒரே சாப்பாட்டுத் தூக்கை, கைப்பிடி போனதும் கம்பி கட்டி, தூக்கிக்கொண்டு போக மாட்டார்.

இரண்டாவது தொடக்கம்: "கைபேசித் திரை சிவந்திருந்தது, அவருடைய கண்களைப் போலவே."

இதையும் அடித்தேன். திரை சிவந்தது உண்மைதான். கண்கள் சிமெண்ட் தூசியில் எப்போதும் அப்படித்தான் இருக்கும். அதைச் சந்தைக் கணக்கில் எழுதுவது மோசடி.

மூன்றாவது: "உயரத்தில் நிற்கிறவனுக்குத்தான் பள்ளத்தின்—"

வேண்டாம். இந்த மாதிரி வாக்கியம் வரும்போது பேனாவை மூடிவிட வேண்டும். நான் வளர்ந்த வீட்டில் எல்லோரும் மூட்டை தூக்கினவர்கள். அங்கே யாரும் உயரம் பள்ளம் என்று தத்துவம் பேசினதில்லை. "பாத்து இறங்கு" என்பார்கள், அவ்வளவுதான்.

நான்காவது நின்றது. அது இப்படி: "இருவருக்கும் கீழே இறங்க வேண்டியிருந்தது."

3

இருவர் என்றால் சாரக்காரரும் அவர் மனைவியும். மனைவிக்கு வேலை ஒரு சலவை ஆலையில். ஓட்டல்களிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளை நீராவி உருளைக்குள் விட்டு மறுபக்கம் எடுத்து மடிக்க வேண்டும். பத்து மணி நேரம் நின்றபடி. நாற்காலி கிடையாது, இருந்தால் உட்காருவார்களாம். காலில் நரம்பு சுருண்டு பச்சையாகத் தெரிய ஆரம்பித்து வருடங்கள் ஆகின்றன.

(கணவருக்கு ‘அவர்’, மனைவிக்கு ‘அவள்’ என்றுதான் எழுதப் போகிறேன். பழக்க தோஷம். இருவரையும் ‘அவர்’ என்றால் யார் பேசுவது என்று உங்களுக்குக் குழம்பும். கூசத்தான் செய்கிறது, கூசியது என்று எழுதி வைத்துவிட்டு மேலே போகிறேன்.)

ஃபண்டில் போடும் யோசனை அவளுடையது. ஆலைக்கு வந்து பேசிய ஒரு பெண் சொன்னாளாம்: பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் துளித்துளியாகப் பங்கு வாங்கி வைத்திருக்கிற பொதுப் பெட்டி அது; மாதாமாதம் போடு, போட்டதை மறந்துவிடு, பத்து வருடம் கழித்து எட்டிப் பார். இவர்கள் இருவரும் பத்து நாளில் ஒரு நாள் கூலியை அதில் போட்டார்கள். இருவர் பெயரிலும் ஒரே கணக்கு. அதற்கு வீட்டில் ஒரு பெயரும் இருந்தது: இறங்கற காசு.

திட்டம் எளிது. ஒரு வருடச் செலவுக்குப் பணம் சேர்ந்தால் ஒருவர் வேலையை விட்டுவிட்டு வேறு வேலை கற்றுக்கொள்ளலாம். சாரத்தை ஏறிக் கட்டாமல், கட்டிய சாரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற பரிசோதகர் வேலைக்கு ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. அது அவருக்கு. அவளுக்கு?

"பஸ் ஓட்டணும்" என்றாள் அவள். "பெரிய பஸ்."

"பஸ்ஸா? எதுக்கு?"

"உக்காந்துக்கிட்டே ஊரச் சுத்தலாம். நிக்கறவங்கள எல்லாம் நான் கண்ணாடில பாப்பேன்."

ஆக இரண்டு வருடச் செலவு வேண்டும். பதினோரு வருட முடிவில் பெட்டியில் ஒன்றே முக்கால் வருடத்துக்கு இருந்தது. கால் வருடம்தான் பாக்கி.

இங்கே நீங்கள் கேட்பீர்கள்: ஒருவர் முதலில் இறங்கியிருக்கலாமே? நானும் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "கடைசிக் குழாய் மாட்டாம நான் யாரையும் மேல ஏத்தினதில்ல சார்" என்றார். பாதிச் சாரத்தில் ஆளை ஏற்றுகிறவனை அவர் மனிதனாகவே மதிப்பதில்லை. அந்தக் கால் வருடம் அவருக்குக் கடைசிக் குழாய். வழக்கமான வேகத்தில் அது சேர இன்னும் இரண்டு வருடம் ஆகும். தோள்பட்டையைப் பார்த்த டாக்டர், இப்படியே ஏறிக்கொண்டிருந்தால் ஒரு வருடத்தில் தசைநார் முழுதாக அறுந்துவிடும் என்று சொல்லியிருந்தார்.

4

இந்த இடத்தில் மச்சினன் வருகிறான். மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக்.

இவனை நான் நம்பவில்லை. இவனுக்கு வில்லன் வேலை கொடுக்கத்தான் பார்த்தேன். ஆசை காட்டி அக்கா குடும்பத்தைக் கவிழ்த்தவன் என்று இரண்டு பக்கம் எழுதி, முறுக்கு மீசையும் வைத்துவிட்டேன். பிறகு ஒரு நாள் அவனே சாரக்காரரை பிசியோதெரபிக்கு ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான். மீசையே இல்லை. ஹெல்மெட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்து மாட்டுகிறவன். இரண்டு பக்கமும் வீண்.

நடந்தது இதுதான். புதிய கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறை. வெளியே சாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்த மாமன் டீ குடிக்க உள்ளே வந்தார். ஃபிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு மச்சினன் கைபேசியை எடுத்துக் காட்டினான்.

"மாமா, உங்க ஃபண்டு சும்மாதானே தூங்குது?"

"தூங்கல. வளருது."

"தூங்கிக்கிட்டே வளரட்டும். விக்க வேணாம், அடகு மட்டும் வைங்க. வளர்றது பாட்டுக்கு வளரும். அடகு வச்ச பலத்துல நீங்க ஆப்ஷன் விக்கலாம். நான் ரெண்டு வருஷமா பண்றேன்."

"ஆப்ஷன்னா?"

"பயம் மாமா. ஒருத்தருக்கு சந்தை விழுந்துடுமோன்னு பயம். ‘விழாதுய்யா, விழுந்தா நான் பாத்துக்கறேன்’னு நீங்க சொல்றீங்க. அதுக்கு அவரு பிரீமியம்னு ஒரு காசு குடுக்கறாரு. மாசக் கடைசி வரைக்கும் விழலன்னா காசு உங்களுக்கு. விழுந்தா அவரு நஷ்டம் உங்க தலைல."

"இன்ஷூரன்ஸ் கம்பெனி மாதிரியா?"

"ஆமா. ஆனா முதலாளியும் நீங்க, பியூனும் நீங்க."

சாரக்காரர் டீயை ஊதிக்கொண்டே யோசித்தார். பெட்டியில் பணம் அப்படியே இருக்கும். அதன் பலத்தில் மாதாமாதம் தனியாக ஒரு வரும்படி. கால் வருடம் ஏழெட்டு மாதத்தில் சேர்ந்துவிடும்.

"ஒண்ணு இருக்கு" என்றான் மச்சினன். "வர்ற பிரீமியத்துல மூணுல ஒரு பங்க எடுத்து, இன்னும் கீழ ஒரு ஆப்ஷன நீங்களே வாங்கி வச்சிடணும். ரொம்ப விழுந்தா அது உங்களத் தாங்கும். லிஃப்ட் கூண்டுக்கு அடியில ஒரு கவ்வி இருக்கு, பாத்திருக்கீங்களா? கூண்டு வேகம் மீறினா தண்டவாளத்தக் கடிச்சுக்கும். சோதனை பண்றப்ப தவிர அது கடிச்சு நான் பாத்ததே இல்ல. அதுக்காக அது இல்லாம லிஃப்ட ஓட விடுவேனா?"

"எங்க தொழில்ல கவ்வி கிடையாது மாப்ளே. சாரம் ஆடுச்சுன்னா முட்டுக் கொடுப்போம்."

"இது சாரம் இல்ல மாமா."

"எல்லாம் பாரம்தானேடா."

இந்த இடத்தில் கதை முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மீதி எல்லாம் அது கீழே வந்து சேர்வதற்கு எடுத்துக்கொண்ட நேரம். ஆனால் கதை எழுதுகிறவனுக்குத் தெரிவது கதைக்குள் டீ குடிப்பவருக்குத் தெரியாது. மூடியைக் கழுவிக் கொடுத்துவிட்டு அவர் வேலைக்குப் போனார்.

அடகு வைக்க ஓடிபி எண் மனைவியின் கைபேசிக்கு வந்தது. ஆலையிலிருந்து, உருளை இரைச்சலுக்கு மேல் கத்தி, ஆறு எண்களையும் படித்துச் சொன்னாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை. சேர்ந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தாராம்.

5

ஒரு குறிப்பு. கதையை மட்டும் படிப்பவர்கள் தாண்டிப் போகலாம். தாண்டினால் ஆறாம் பகுதியில் திரும்பி வரவேண்டியிருக்கும்.

நீண்ட காலத்துக்கு ஃபண்ட் வைத்திருப்பவர் சந்தை உயரும் என்று நம்புகிறவர். இவர் விற்கிற மாதிரி ஆப்ஷன் விற்பவரும் சந்தை விழாது என்று நம்புகிறவர்தான். இரண்டு வெவ்வேறு வருமானம் போலத் தெரியும். இரண்டும் ஒரே சுவரில் சாய்ந்து நிற்கின்றன. சந்தை ஏறும் மாதங்களில் இரண்டும் சிரிக்கும். விழும் நாளில் ஆப்ஷன் பணம் கேட்கும், அதே நாளில் அடகு வைத்த ஃபண்டின் மதிப்பும் குறையும். தாங்க வேண்டிய தூண், பாரம் ஏறும்போதுதான் மெலியும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. மச்சினனைப் போல அளவோடு, கவ்வி போட்டுச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் கதை எழுதுவதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. நான் ஓர் அத்தியாயம் முயன்று பார்த்தேன். மூன்றாம் பத்தியில் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

குறிப்பு முடிந்தது.

6

முதல் மாதங்கள் அமைதியாகப் போயின. மச்சினன் சொன்னபடியே விற்றார், சொன்னபடியே வாங்கி வைத்தார். பிரீமியம் வந்தது. மாதம் ஒரு வாரக் கூலி அளவுக்கு. ஒரு வாரம் குழாய் தூக்கினால் கிடைப்பது, தூக்காமல் கிடைத்தது. அவருடைய வாழ்நாளில் தோள் வலிக்காமல் வந்த முதல் காசு அது. அந்தக் காசில் மனைவிக்குத் தடித்த அடியுள்ள செருப்பு ஒன்று வாங்கிவந்தார். நெடுநேரம் நிற்பவர்களுக்கென்றே செய்தது.

அவள் போட்டுப் பார்த்தாள். இரண்டடி நடந்தாள். "மெத்து மெத்துன்னு இருக்கு. ஏது காசு?"

"ஓவர்டைம்."

"ஓவர்டைம் பண்ணா கை இன்னும் மோசமாயிருக்கணுமே. நேத்து நீங்களே தலை சீவினீங்க."

"மருந்து வேலை செய்யுது."

"செருப்புலதான் வேலை செய்யுது போல" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பைக் கழற்றி அட்டைப் பெட்டியிலேயே வைத்தாள்.

நான்காவது மாதம் அவர் காப்பு ஆப்ஷன் வாங்குவதை நிறுத்தினார். மாதாமாதம் மூன்றில் ஒரு பங்கு அதற்குப் போய், மாதாமாதம் அது ஒன்றுமில்லாமல் காலாவதியானது. ஒரு முறைகூடக் கடிக்காத கவ்விக்கு ஏன் தீனி போட வேண்டும்? பேராசை என்று இதைச் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் அவசரத்தில் இருந்தார். டாக்டர் சொன்ன வருடத்தில் பாதி போயிருந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை சந்தை விழுந்தது. காரணம் என்று செய்தியில் ஒன்று சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை அதை மாற்றிச் சொன்னார்கள். காரணத்தை எழுதினால் கதைக்குக் கனம் கூடும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். சாரக்காரருக்குக் காரணம் தெரியாது. தெரியாததை அவர் தலைக்கு மேல் எழுத மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை, வேலையிடத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று மச்சினனைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, நான் வித்தது ஆட்டம் காணுது."

"கீழ வாங்கி வச்சது இருக்குல்ல? அது புடிச்சுக்கும்."

"வாங்கல."

மறுமுனையில் ஏதோ ஸ்பேனர் விழுகிற சத்தம் கேட்டது.

"எத்தன மாசமா?"

"மூணு."

"மாமா, வித்தத இப்பவே திரும்ப வாங்கி குளோஸ் பண்ணுங்க. மூணு மாச பிரீமியமும் போகும், கூடக் கொஞ்சம் போகும். போகட்டும். கழட்டிடுங்க."

"ஆள் மேல நிக்கறப்ப கழட்டச் சொல்றியா?"

"யாரு மாமா மேல நிக்கறா?"

"நானும் உங்கக்காவும்."

சொன்ன கையோடு இவரே வைத்துவிட்டார்.

சாரம் கட்டுகிறவர்களின் முதல் விதி அது. மேலே ஆள் இருக்கும்போது எந்தக் குழாயையும் தொடாதே. ஆடினால், வளைந்தால், இன்னொரு குழாயை முட்டாகக் கொடு. அந்த விதியால் அவருடைய சாரத்திலிருந்து இதுவரை ஒருவரும் விழுந்ததில்லை. சந்தையிலும் அதையே செய்தார். விற்றதைக் கழற்றாமல், அதற்குக் கீழே இன்னும் ஆப்ஷன்களை விற்றார். அதில் வந்த பிரீமியம் மேலே உள்ள நஷ்டத்தைத் தாங்கும் என்று. முட்டு. புதன்கிழமை அந்த முட்டும் வளைந்தது. அதற்குக் கீழே இன்னொரு முட்டு, முந்தியதைவிட இரண்டு மடங்காக.

சாரத்தில் ஒவ்வொரு முட்டும் பாரத்தைத் தரைக்கு அனுப்பும். இங்கே ஒவ்வொரு முட்டும் தானே ஒரு பாரம். ஒரு தொழிலில் உயிரைக் காப்பாற்றுகிற கை, இன்னொரு தொழிலில் அதே வேலையைச் செய்து—

இந்த வாக்கியத்தை முடிக்கத் தேவையில்லை. உங்களுக்கே தெரிகிறது.

வியாழக்கிழமை காலை, ஃபண்டை அடகு பிடித்திருந்த புரோக்கரிடமிருந்து செய்தி: நண்பகலுக்குள் ரொக்கம் கட்டாவிட்டால் அடகில் உள்ள ஃபண்ட் யூனிட்களை விற்று எடுத்துக்கொள்வோம்.

7

இப்போது முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

முதல் முடிவு: வியாழன் மதியம் சந்தை குபுகுபுவென்று ஏறி, எல்லாம் திரும்பக் கிடைத்து, சாரக்காரர் இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் கிடைத்திருந்தால் அவர் அடுத்த மாதம் மறுபடி விற்றிருப்பார். முட்டுக் கொடுத்தால் நிற்கும் என்று நிரூபணம் ஆகியிருக்குமே. (சந்தை ஏறத்தான் செய்தது. இரண்டு வாரம் கழித்து. அதற்குள் அவரிடம் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை.)

இரண்டாவது முடிவு: வியாழக்கிழமை அவர் முதல் முறையாகக் கைபேசியைச் சாரத்தின் மேலே கொண்டுபோகிறார். ஒரு கையில் குழாய், ஒரு கையில் திரை. ஒன்பதாவது அடுக்கு. காற்று. இதை எழுத வேண்டும் என்று எனக்குள் ஒருவன் நச்சரித்தான். கைபேசியை மேலே கொண்டுபோனது உண்மையும் கூட. ஆனால் கூலிக்காரனைக் கதையில் கொல்வது மிகவும் சுலபம். நிஜத்தில் அது போதுமான அளவு நடக்கிறது. என் முடிவு எடுப்பாக வருவதற்காக ஒரு மனிதரைக் கீழே தள்ள மாட்டேன். அவர் பாதுகாப்புக் கொக்கியை மாட்டியிருந்தார். இறங்கி வந்தார்.

மூன்றாவது, நடந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், பதினொரு மணிக்கு, புரோக்கர் விற்பதற்கு முன்னால், தானே எல்லாவற்றையும் கழற்றினார். சாரம் பிரிக்கிற மாதிரி, முறையாக, கடைசியாகக் கொடுத்த முட்டை முதலில். அதற்கான பணத்துக்கு யூனிட்களையும் தானே விற்கக் கொடுத்தார். வலது கட்டைவிரல் மரத்துப் போயிருந்ததால் இடது கையால் அழுத்தினார். எல்லாம் முடிந்தபோது ஒன்றே முக்கால் வருடத்தில் ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக மீதி இருந்தது.

மச்சினனுக்கும் அந்த வாரம் நஷ்டம்தான். ஒரு மாத பெட்ரோல் செலவு. கவ்வி கடித்துக்கொண்டது.

8

அன்று மாலை அவள் வேலை முடிந்து வந்து, வாளியில் வெந்நீர் ஊற்றி, காலை உள்ளே விட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். சாரக்காரர் சமையலறை நிலைப்படியில் நின்றார்.

"என்ன மூஞ்சி இது? கை ரொம்பக் குடையுதா?"

"கை இல்ல. இறங்கற காசு."

"அதுக்கு என்ன?"

அவர் சொன்னார். ஆப்ஷன், பிரீமியம், அடகு எல்லாவற்றையும் சொன்னார். எனக்குச் சொன்னதைவிடச் சுருக்கமாக, இன்னும் ஒழுங்கில்லாமல். சொல்லி முடிப்பதற்குள் வாளித் தண்ணீர் ஆறியது.

"ஆலைக்கு போன் பண்ணி நம்பர் கேட்டீங்களே, அதுக்கா?"

"ஆமா."

"எதுக்குன்னு நான் கேக்கல."

"நானும் சொல்லல."

"ரெண்டும் ஒண்ணா?"

"இல்ல."

"எந்தம்பி என்ன சொன்னான்?"

"மொதல்லயே ஜாக்கிரதையா பண்ணச் சொன்னான். அப்புறம் கழட்டச் சொன்னான்."

"அவன் பேச்சக் கேக்கல. சரி, அவன் சின்னப் பையன். என்கிட்ட சொல்லிருந்தா நான் என்ன சொல்லிருப்பேன்?"

அவர் யோசித்தார். "வேணாம்னு சொல்லிருப்ப."

"அதான் சொல்லல."

"அதான் சொல்லல" என்று அவரும் சொன்னார்.

இந்த இடத்தில் அவளை அழவைக்க மூன்று முறை முயன்றேன். கத்தவைக்கவும் பார்த்தேன். வாளியை எட்டி உதைக்கிற ஒரு வரி இருந்தது. எழுதும்போதே பொய் என்று தெரிந்தது. நாளைக்கு மறுபடி கால் வீங்கும், வாளி வேண்டும். அவள் காலை வெளியே எடுத்துத் துடைத்தாள். விரலிடுக்கு ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு கேட்டாள்:

"எவ்வளவு மிச்சம்?"

"ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மி."

"இழுத்துப் புடிச்சா ஒரு வருஷம் ஓடும்."

"ஓடும்."

"அப்ப ஒரு ஆள் இறங்கலாம்" என்றாள். துண்டைப் பிழிந்து கொடியில் போட்டாள். "யாரு?"

9

என் கையில் கதை இதற்கு மேல் இல்லை. பெஞ்சில் கடைசியாகச் சந்தித்தபோது சாரக்காரருக்கும் இல்லை.

அவர் இறங்கினால் தோள் தப்பும். பரிசோதகர் சம்பளம் இப்போதையதைவிட அதிகம். நாலைந்து வருடத்தில் பெட்டி மறுபடி நிறையும், அப்போது அவள் இறங்கலாம். அவள் இறங்கினால் கால் தப்பும். அவருடைய தோள் அந்த ஒரு வருடம் தாங்குமா என்று டாக்டரே உதட்டைப் பிதுக்குகிறார். அறுந்துபோனால் இரண்டு சம்பளமும் இல்லாத மாதங்கள் வரலாம். கணக்குப் போட்டால் அவர்தான் இறங்க வேண்டும். கணக்குப் போடத் தெரிந்ததால்தான் இந்த நிலைமை என்று அவருக்கும் தெரியும்.

"நீ போ" என்று சொன்னாராம். அவள், "பெரிய மனசு காட்டாதீங்க, கை அறுந்து வீட்ல உக்காந்தா உங்களுக்கு சோறு யாரு ஊட்டறது?" என்றாளாம். "அப்ப நான் போறேன்" என்றாராம். "போவீங்களே" என்றாளாம். இதற்கு என்ன பதில் சொல்வது என்று என்னிடம் கேட்டார். படிப்புக்கும் பஸ் பயிற்சிக்கும் விண்ணப்பிக்க இந்த மாதக் கடைசிதான் கெடு.

"நீங்க எழுதறவரு. நீங்களே ஒண்ணு எழுதுங்க சார், அப்படியே நடந்துக்கறோம்."

"எனக்குத் தெரியல."

"கதைக்கு முடிவு வேணாமா?"

"வேணும்தான்."

"அப்ப?"

உள்ளே இருந்து அவர் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போனார். அதற்குப் பிறகு என் இடுப்பு சரியாகிவிட்டது. நான் அந்தப் பெஞ்சுக்குப் போகவில்லை.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். அவளை இறக்க நினைத்தால், அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, கண்ணாடியைச் சரிசெய்யவிட்டு, அந்த நேரத்தில் அவர் எத்தனையாவது அடுக்கில் நிற்கிறார் என்பதையும் எழுதுங்கள். அவரை இறக்க நினைத்தால், அவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நாளில் அவள் பத்து மணி நேரமும் எங்கே நிற்கிறாள் என்பதை எழுதுங்கள். இருவரையும் ஒன்றாக இறக்கிவிடலாம் என்று மட்டும் பார்க்காதீர்கள். நான் பார்த்துவிட்டேன், பணம் இல்லை.

எதை எழுதினாலும் ஒன்றை நீங்கள் எழுத வேண்டியதில்லை, அது நடந்து முடிந்தது. பெட்டியில் இருந்ததில் பாதி அவள் நின்று சம்பாதித்தது. இன்றைய தேதிக்குச் சாரக்காரர் தன் மனைவிக்கு ஒரு வருடம் கடன். இன்னும் தரவில்லை.